கிரேக்க உணவகத்தில் ஒரு வியாழன் பின்னேரம்

சென்ற கிழமை, பலெர்மோ நகரின் ஒரேத்தோ வீதியில் உள்ள எங்கள் மாடிப்படியில் ஏறுகையில், எவர் வீட்டிலோ சோற்றில் எலுமிச்சம்பழம் பிழிந்த வாசனை எழுந்தது. சோற்றில் எலுமிச்சை பிழிவோர் உலகில் பலர் உளர்; ஆயினும் என் மனம் வியா மக்வேதா என்னும் பெருந்தெருவின் பின்சந்தில் இருந்த சிறிய கிரேக்க உணவகத்துக்கே சென்றது.

அக்காலத்தில் நானும் மனைவியும் வெவ்வேறு இத்தாலியர் வீடுகளில் தங்கி வீட்டுவேலை செய்தோம். வியாழன் பின்னேரந்தான் ஓய்வு. சிஞ்ஞோராக்கள் எனப்படும் எஜமானிகளின் சமையலறைகளில் அவள் நின்றபடியே உண்ணப் பழகிவிட்டாள். ஒரு நாளாவது அவளை இருத்தி, பிறர் பரிமாற அவள் உண்பதைக் காண விரும்பினேன். அதற்கெனக் கோட்டு அணிந்து சென்றேன். பலெர்மோவின் ஆவணி வெயிலில் கோட்டு! நண்பரே, சிரிக்காது வாசிப்பீராக.

முதலில் வந்தது, திராட்சை இலையில் விரல் பருமனுக்குச் சுற்றிய ஏதோவொரு பண்டம். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, இந்த இலையை ஊரிலை ஆட்டுக்கெல்லோ போடுறனாங்கள்!”

“சத்தம் போடாதையும். கிரேக்க ஆக்கள் இதைத்தான் சாப்பிடுறவையாம்.”

“அப்ப ஆட்டுக்கு என்ன குடுக்கினம்?”

அதனை நான் இன்றும் அறியேன். அவளோ ஒன்றைப் பிரித்து உள்ளிருந்த எலுமிச்சை மணக்கும் சோற்றை ஆராய்ந்து, உண்டு, மேலும் இரண்டை எடுத்துக்கொண்டாள். என் எண்ணம் பலித்ததென மகிழ்ந்தேன்.

தட்டு வெறுமையானதும் எழுந்தாள். என் தட்டையும் தன் தட்டின்மேல் அடுக்கி, மேசைத் துகள்களை உள்ளங்கையில் கூட்டிக்கொண்டு சமையலறையை நோக்கி நடந்தாள். “இரும், இரும்” என்ற என் குரல் அவளுக்குக் கேட்கவில்லை.

கடை உரிமையாளரான நரைத்த கிரேக்கப் பெண்மணி அவளை வாசலில் மறித்துத் தட்டுகளை வாங்கினார். உள்ளே கொண்டு செல்லவில்லை. எங்கள் மேசைக்கு வந்து, முன்பிருந்த இடங்களிலேயே அவற்றை வைத்தார். கதிரையை இழுத்து மனைவியை இருக்கச் செய்தார். அதன்பின், அப்போதுதான் வந்தவர்போல, ஒவ்வொன்றாக எடுத்துச் சென்றார்.

மனைவிக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தாள், மேசையில் வைத்தாள்.

“இப்ப நான் என்ன செய்யிறது?”

“ஒண்டும் செய்ய வேண்டாம்.”

“சரி, இருக்கிறன். பழகிப்போட்டனெண்டால் பிறகு உங்களுக்குத்தான் கரைச்சல்.”

பழகித்தான் போனாள். பல வியாழன்கள் சென்றோம். பின்னர் அப்பெண்மணி தம் மகளிடம் போய்விட்டார். அவ்விடத்தில் இப்போது கைப்பேசி திருத்துகிறார்கள். இந்நகரில் எத்தனையோ வீடுகளின் திறப்புகள் என் மனைவியின் சாவி வளையத்தில் தொங்கின. அவள் விருந்தாளியாக அமர்ந்த இடம் அது ஒன்றுதான்.