குங்குமத்துக்கு அடியில்

முகத்தில் அடிபட்டவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது நாங்கள் ஒரு சீட்டு எழுதித் தருவோம். இந்த வருஷம் அதற்குப் புது ஃபாரம் தயாரானது. அதில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி நான் மல்லுக்கு நின்றேன். ‘அடிபட்டவரையே கேட்டு, முகத்தைக் கழுவி, இமையைத் தூக்கிப் பார்த்தாச்சா?’ டாக்டர் சிரித்தார். “இதெல்லாமா சிஸ்டர் ஃபாரத்துல போடணும்?” நல்ல மனுஷன், சின்ன வயசு. செஞ்சியில் இருபத்தேழு வருஷமாக நர்ஸ் வேலையில் நின்று தேய்ந்த கால் என்னுடையது. விளக்கம் சொல்லத் தெம்பில்லை. போடுங்க சார் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அமாவாசைக்கு மறுநாள் காலை. மேல்மலையனூர்க் கோயில் கூட்டம் கலைகிற நேரமென்றால் எங்களுக்குக் கை கால் ஓடாது. மயக்கம், வாந்தி, மிதிபட்ட கால் என்று வரிசை வாசல்வரை நின்றது. ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறும்போது தள்ளுமுள்ளில் விழுந்த ஒரு பெண்ணைப் புருஷன் ஆட்டோவில் கொண்டுவந்தார். இடது கன்னம் கிழிந்திருந்தது. நெற்றியிலிருந்து இமைவரை அப்பியிருந்த கோயில் குங்குமம் ரத்தத்தோடு காய்ந்து கிடந்தது. கண் வீங்கி மூடியிருந்தது.

பஞ்சை நனைத்து எடுத்தேன். “குங்குமத்த அழிக்காதீங்கம்மா, ஆத்தா வெச்சது” என்றார் புருஷன். அவர் சொல்லாவிட்டாலும் அழித்திருக்க மாட்டேன். சுமங்கலி நெற்றியைத் துடைக்க எனக்குக் கை வராது, எங்களில் யாருக்குமே வராது. சுற்றிச் சுற்றித் துடைத்துவிட்டுக் கன்னத்துக்குக் கட்டுப்போட்டேன். கண்ணு எரியுது என்று அவள் முனகினாள். குங்குமம் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சீட்டில் எழுதியது இவ்வளவுதான்: இடது கன்னத்தில் கிழிசல், நினைவு இருக்கிறது, ஊசி போட்டாச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனிலும் அதையே ஒப்பித்தேன்.

கன்னம்தானே என்று அங்கே வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். சாயங்காலம் தையல் போட முகத்தைக் கழுவியபோதுதான் தெரிந்தது. பஸ் படியின் தகரம் இமையைக் கிழித்துக் கண்ணுக்குள் இறங்கியிருந்தது. அந்தக் கண் போய்விட்டது. அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நான் எழுதியதைத்தானே படித்தார்கள்.

மூன்று மாசம் கழித்து பிரஷர் மாத்திரை வாங்க வந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. நான் மருந்து ரூமுக்குள் ஒளியப் பார்த்தேன், அதற்குள் கூப்பிட்டுவிட்டாள். குங்குமத்தைப் பார்த்துக் கை நின்றுபோனதை அழுதுகொண்டே சொன்னேன். திட்டட்டும், வயிறெரிஞ்சு ரெண்டு வார்த்தை சொல்லட்டும் என்று நின்றேன்.



“என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா. நான் முழிச்சிக்கினுதான இருந்தேன்” என்றாள். “தொடச்சிட்டுப் பாருன்னு நானே சொல்லியிருப்பேன். குங்குமம் இன்னாக்கா, மறுபடி வெச்சிக்கினா ஆச்சு.”