எண்ணெய் மினுக்கு

தனியார் காவல் நிறுவனத்தின் ஆயுத அறையில் முப்பது வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோரும் அவரைப் ‘பளபளப்பு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கைபட்ட துப்பாக்கி அப்படி மின்னும். அந்தப் பெயரைக் கேட்டால் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இப்போது அந்த அறைக்குப் பொறுப்பாளி, அவரோடு வேலை பார்த்துக் காலமான நெட்டையனின் மகள். பெட்டிகளில் கேட்பாரற்றுக் கிடந்த பத்தொன்பது துப்பாக்கிகளின் குழல்கள் அழுக்கேறி அடைத்திருக்கின்றன என்று அவரை வரவழைத்தாள். அவரும் புதுச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கினார்.

உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, குழலில் அழுக்கைக் கரைக்கும் கரைப்பானை ஊற்றி ஊறவைத்தார்கள். பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துத் துணியை விட்டால் கன்னங்கரேலென்று வந்தது. பிறகு துருச் சிவப்பு. இருபதாவது துணியும் வெள்ளையாக வரவில்லை.

"உள்ள தேய்க்கவே இல்ல மாமா. எண்ணெயை மட்டும் விட்டிருக்காங்க. அந்த ஈரத்துல குழல் சுத்தமா இருக்கற மாதிரி மின்னும், சோதனைக்கு வர்றவங்க ஏமாந்துடுவாங்க." அவள் குரல் இறங்கியது. "இது எங்கப்பா வேலையா?"

ஒரு குழலைத் தேய்க்க ஒரு நாள் ஆகும். எண்ணெய் விட இரண்டே நிமிஷம். அந்த வித்தையைக் கண்டுபிடித்த மகராசனே அவர்தான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"பழைய கதை, விடும்மா," என்றார்.

அன்று ராத்திரி முழுக்க, செத்துப்போனவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் அவள் கண் வீங்கியிருந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"அது நான்தாம்மா. உங்கப்பா இதுக்காக என்னை அடிக்கவே வந்தான்."

அவள் கை நின்றது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அப்பாதான் இப்படிச் செஞ்சாருன்னு நேத்தே அம்மாகிட்ட சொல்லிட்டேன் மாமா. அழல. ஒண்ணுதான் கேட்டாங்க: ‘அண்ணன் பக்கத்துலதானே இருந்தாரு, அவர் இல்லைன்னு சொல்லலியா?’ன்னு."

அவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்தார். நெட்டையன் வீடு இருபது நிமிஷ நடை. அந்த அம்மாளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் வாசல் வந்துவிட்டது.