இரண்டு பேருக்குக் கூடுதல் அரிசி

"உங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒளிந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து நாளைக்கு அரிசி வேண்டும். யாருக்கும் சந்தேகம் வராமல் எப்படி வாங்குவீர்கள்?"

ரெஜிலா டீச்சர் வகுப்பில் இதைக் கேட்ட அன்று நானும் அங்கே இருந்தேன். பிளஸ் டூ முடித்து, சேர்ந்த கோர்ஸையும் பாதியில் விட்டு, வீட்டில் இருப்புக்கொள்ளாமல், கேரள எல்லையில் பனச்சமூட்டில் ஒரு டியூஷன் சென்டரில் போட்டோகாப்பி எடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்து கேட்டதுதான்.

டீச்சர் குளத்தூர்க்காரர். இருபத்தேழு வயது. வரலாற்றில் எம்.ஏ. கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்டில் மூன்று முறை பெயர் வந்தும் வேலை வரவில்லை. இரண்டு பஸ் மாறி வந்து பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தார். ஹிட்லர் ஆட்சியில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை நாலு வரி மனப்பாடம் செய்து மார்க் வாங்கினால் போதும் என்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. சென்டர் நடத்தும் ஜெயதாஸ் சாரிடம் மன்றாடி, சனிக்கிழமை ஒரு மணி நேரம் வாங்கினார். அந்த நேரத்தில் ஒளிந்து வாழ்ந்தவர்களைப் பற்றியும் அவர்களுக்குச் சோறு கொடுத்தவர்களைப் பற்றியும் மட்டுமே பேசுவார்.

ஒளிந்திருப்பவனாக நடித்துக் காட்டுகிறேன் என்று அந்த முதல் நாளே மாணவன் ஜிபின் எழுந்தான். டீச்சர் அவனை உட்கார வைத்தார்.

"அவிய பட்டது நமக்கு நடிச்சுக் காட்டுத காரியம் இல்ல மக்கா. நீ பக்கத்து வீட்டுக்காரனா இருந்து பாரு. அதுவே கஷ்டமாக்கும்."

"எதுக்கு டீச்சர் இந்தப் பாடெல்லாம்? ரோட்டக் கடந்தா தமிழ்நாடு. கேரளா போலீசு அங்க வருமா?" என்றான் ஜிபின். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். எல்லையில் பிறந்தவர்களுக்கு எல்லாத் தொல்லைக்கும் அதுதான் வழி.

"எலே, ஹிட்லர் பக்கத்து நாட்டையும் பிடிச்சாச்சு. அங்கயும் அதே போலீசு. இனி சொல்லு."

கேள்வி அடுத்த சனிக்கிழமைக்குப் போனது.

ஓணப் பரீட்சையில் பாதிப் பேர் கணக்கில் தோற்றார்கள். சனிக்கிழமை நேரத்தைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாம் என்றார் ஜெயதாஸ் சார். பெற்றோர் கூட்டத்தில் முடிவு செய்வது என்று ஆயிற்று. அந்த ஒரு மணி நேரம் போனால் டீச்சரின் வகுப்பு அதோடு முடிந்தது. அந்தக் கூட்டத்தில் பேச அவர் பத்து நிமிடம் மட்டும் கேட்டார்.

கூட்டத்தில் டீச்சர் பிரசங்கம் செய்யவில்லை. அதே கேள்வியைத்தான் கேட்டார்.

லாரி ஓட்டும் சோமன் அண்ணன் உடனே, "இதுக்கு என்ன? பனச்சமூடு கடந்தாப் போராதா?" என்றார்.

"அங்கயும் அதே போலீசு!" பின்னால் நின்ற பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள்.

"அப்பா, அது நாங்க முதல் நாளே தோத்த பதிலு" என்றாள் அவர் மகள் லேகா. ஒரே சிரிப்பு.

"ஒரு கிலோ கூட வாங்கினாலே கடையில கேப்பாவ, வீட்டுல ஆரு வந்திருக்காவன்னு" என்றார் இன்னொரு பிள்ளையின் அம்மா ஸ்ரீகுமாரி அக்கா.

"கடையில கேக்காண்டாம். நீயே கேப்பியே!" என்றார் சோமன் அண்ணன்.

ரேஷன் கடையில் வாங்கலாமே என்று யாரோ சொன்னார்கள். கார்டில் பெயர் வேண்டுமே என்றார்கள் மற்றவர்கள். "ஹிட்லர் காலத்துல ஐரோப்பாவுலயும் பல ஊர்ல ரேஷன் கூப்பன் இருந்தாத்தான் சாப்பாடு. ஒளிஞ்சவங்களுக்கு ஏது கூப்பன்?" என்றார் டீச்சர்.

அப்போது ஆனந்தபாய் அக்கா எழுந்தார். மாணவன் ஜெனிலின் அம்மா. வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் சேகரிக்கும் ஹரிதகர்ம சேனையில் வேலை. வேலைக்குப் போடும் பச்சை மேல்கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தார்.

"மாசம் இருநூறு வீட்டுல நான் சாக்கு தூக்குதேன். பால் கவரப் பாத்தாப் போரும், எத்தர பேரு குடிக்காவன்னு தெரியும். அதனால ஒரு வீட்டுக்காரன் கூடுதலா வாங்கப்பிடாது. பத்து வீட்டுல ஆளுக்கு ரெண்டு பிடி அரிசி எடுத்து வைக்கணும். காலிக் கவர எனக்கிட்ட தரட்டு, பல வீட்டுக் கவரோட நான் கலந்திருவேன்."

"பின்ன ஒனக்குத் தெரிஞ்சு போவுமே?" என்றார் ஸ்ரீகுமாரி அக்கா.

"தெரியும். கேக்க மாட்டேன். அதாக்கும் எனக்க பங்கு."

டீச்சர் மெதுவாகச் சொன்னார்: அன்று ஒருவர் உயிர் பிழைக்க இப்படிப் பல பேர் வேண்டியிருந்தது. ஒருவர் உணவு, ஒருவர் கூப்பன், ஒருவர் கண்டும் வாய் திறக்காமை. அப்படிச் செய்தவர்கள் குறைவு. அவர்களில் பிடிபட்ட பலர் உயிரையே கொடுத்தார்கள்.

ஜெயதாஸ் சார் கையிலிருந்த டைம்டேபிளை மடித்துப் பையில் வைத்தார். "கணக்க புதன்கிழமை வச்சுக்கிடலாம்" என்றார். பிள்ளைகளின் கூச்சல் பனச்சமூடு பஸ் ஸ்டாப் வரை கேட்டிருக்கும்.

"சாரே, சனிக்கிழமை எங்களுக்கும் பெஞ்சு உண்டா?" என்று கேட்டார் சோமன் அண்ணன்.

உண்டு. இப்போது முன் பெஞ்சு பிள்ளைகளுக்கு, பின் பெஞ்சு பெற்றோருக்கு. கள்ளிக்காட்டில் ஒரு நூலகத்திலிருந்தும் டீச்சரை அழைத்திருக்கிறார்கள். பி.எஸ்.சி. வேலை இன்னும் வரவில்லை. "வரும்போ வரட்டு" என்று சிரிக்கிறார். பால் கவர் வாங்க வரும் ஆனந்தபாய் அக்காவிடம் எங்கள் தெருவே இப்போது நின்று பேசுகிறது.

இதைப் படித்த நீங்கள் ஒன்று செய்யுங்கள். இன்று வீட்டில் சோறு வடிக்கும்போது அந்தக் கேள்வியைக் கேளுங்கள். எல்லோரும் தோற்ற பிறகு ஆனந்தபாய் அக்கா சொன்ன பதிலைச் சொல்லுங்கள். கேட்டவர்களை இன்னொரு வீட்டில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.