டேங்குக்கு ரெண்டு மூடி

திண்டுக்கல்லில் சின்னதாக உரக்கடை வைத்திருக்கிறேன். ஏழாவதோடு பள்ளியை விட்டவன். நாலு வரி எழுதவே பயம். அதனால் விவசாயிகளுக்குக் கொடுக்கும் மாத நோட்டீஸை எழுத, பாலசமுத்திரத்தில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் சாந்தியை அமர்த்தினேன். நான் போனில் சொல்வேன், அவள் எழுதி அச்சகத்துக்கு இமெயில் அனுப்புவாள்.

முதல் நோட்டீஸ் மல்லிகைப் பூச்சிமருந்துக்கு. "டேங்குக்கு ரெண்டு மூடின்னு போடும்மா" என்றேன். முதுகில் மாட்டும் தெளிப்பான் டேங்குக்கு, மருந்து பாட்டிலின் மூடியால் அளந்து ஊற்றுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

"எத்தனை மில்லிங்கண்ணா?"

"எங்க ஆளுகளுக்குத் தெரியும்."

"நான் அந்த பாட்டிலைப் பார்த்ததே இல்லீங்களே."

"மூடின்னே போடு" என்று எரிந்து விழுந்தேன். அப்படியே எழுதிவிட்டாள்.

நோட்டீஸ் கொடுத்த மறுநாளே கன்னிவாடிக்காரர் ஒருவர், புதிதாக வந்த லிட்டர் கேனோடு வந்தார். "அப்பு, இந்த மூடியில ரெண்டு ஊத்துனா செடி தாங்குமா?"

கேன் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நான் நினைத்துச் சொன்னது சின்ன பாட்டில் மூடி. கேன் மூடியில் அதைப்போல நாலு மடங்கு பிடிக்கும். கேன் வாங்கிய ஆறு பேரின் தோட்டத்துக்கும் ஓடினேன். நல்லவேளை, ஒருவரும் இன்னும் அடிக்கவில்லை. கடைசி ஆள் சொன்னார்: "பூவு அம்புட்டும் கருகியிருந்தா, உங்களுக்கு என்னத்தய்யா மாலையாப் போடுறது?"

இப்போது மருந்தின் லேபிளை ஜெராக்ஸ் எடுத்துக் கூரியரில் அனுப்பிய பிறகே சாந்திக்குப் போன் செய்கிறேன். அவள் கேள்வி தீராமல் நோட்டீஸ் அச்சுக்குப் போவதில்லை. ஒரு நோட்டீஸுக்குப் பதினைந்து கேள்வி கேட்கிறாள். எரிச்சலாகத்தான் இருக்கிறது; பதில் சொல்லிவிடுகிறேன்.