ஆறாம் நம்பர் வண்டி வெளியே போகாது

வாடகை சைக்கிள் கடை நடத்துகிறவர்களுக்கு ஒரே பயம்தான்: போன வண்டி திரும்பி வருமா? எங்களை ஆட்டி வைத்ததோ வாசலைத் தாண்டாத ஒரு வண்டி. கடை வைத்துச் சீரழிகிற எல்லோரும் கேளுங்கள்.

டாக்டர் சொன்ன வைத்தியம்

எருத்தேன்பதியில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. புளி உலுக்க மரமேறிய என் வீட்டுக்காரர் விழுந்து இடது காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்தால் முழங்கால் உலக்கை மாதிரி நிற்கிறது. டாக்டர், "வீட்டுக்குள்ளயே சைக்கிளை நிறுத்தி வச்சு மிதிக்கணும். ரெண்டு மாசத்துல மடங்கலேன்னா அப்புறம் மடங்கவே மடங்காது" என்றார். குத்துக்கால் போட்டு உட்கார முடியாதவர் பஞ்சர் எப்படி ஒட்டுவார்?

திரும்பும்போது பஸ் கண்டக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் டிக்கெட் கிழிக்கிற கையை நிறுத்திவிட்டார். "ஊட்டுக்குள்ளயா? அப்ப பெல் அடிச்சா யாருங்க ஒதுங்குவாங்க?"

புகை

மட்கார்டில் ஆறு என்று எழுதிய வண்டியை எடுத்தேன். பின்சக்கரம் அந்தரத்தில் நிற்க, இரண்டு பக்கமும் பனங்கட்டை கொடுத்தேன். ஹேண்டிலை ஜன்னல் கம்பியோடு கட்டினேன். எங்கள் சின்னக் குழந்தை சக்கரத்தில் விரலை விட்டுவிடப் போகிறாளே என்று, அவள் விளையாடுகிற இடது பக்கத்தில் ஒரு முறத்தையும் கட்டினேன். சும்மா சுற்றினால் காலுக்கு என்ன வேலை? பின் பிரேக்கை இறுக்கி ரப்பர் உரசும்படி வைத்தேன்.

கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டேன் போல. அவர் மிதிக்க மிதிக்க ரப்பர் தீய்ந்து புகை கிளம்பியது. பக்கத்து வீட்டுப் பொன்னாத்தா அக்கா குடத்தோடு ஓடிவந்து தலையோடு ஊற்றினாள். "பயப்படாத அம்மிணி, அணைச்சுப்போட்டேன். உங்க ஊட்டுக்காரரையும் சேர்த்து."

காத்திருந்தவர்

தோட்டத்து மாரப்பன் வாடகை வண்டி கேட்டு வந்தார். அன்று சந்தை நாள், எல்லா வண்டியும் போயாச்சு. ஆறாம் நம்பரில் என் வீட்டுக்காரர் மட்டும் வேர்க்க விறுவிறுக்க மிதித்துக்கொண்டிருந்தார். மாரப்பன் உட்கார்ந்தார், வெற்றிலை போட்டார், அரைமணி ஆச்சு. "அண்ணா, அது வெளியே போகாதுங்க" என்றேன்.

"அதனாலென்ன அம்மிணி, அவரு போய்ச் சேரட்டும். அப்புறம் நான் எடுத்துக்கறேன்."

முறத்துக்குப் பின்னால்

ஒரு மாதம் போனது. காலையெல்லாம் சக்கரம் சுற்றும், அந்தச் சத்தத்திலேயே குழந்தை தூங்கிப்போவாள். முழங்கால் மட்டும் அப்படியே இருந்தது. ஒருநாள் அந்தப் பக்கத்து அச்சுக்கு எண்ணெய் விடலாமென்று முறத்தை அவிழ்த்தேன். இடது கால் பெடலில் இல்லை. பனங்கட்டையின் மேல் சொகுசாக நீட்டிக் கிடக்கிறது. ஒரு மாதமாக மிதித்ததெல்லாம் நல்ல கால்!

"ஏனுங்க, இன்னும் ஒரு மாசந்தான் இருக்குது!" என்று கத்தினேன்.

"உசுரு போகுது புள்ள" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஆனாலும் ஸ்பானரை எடுத்து வலது பெடலைக் கழற்றிவிட்டேன். சீட்டை உயர்த்தி, முழுச் சுற்று வேண்டாம், ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டினால் போதும் என்றேன். சீட்டை வாரம் ஒரு விரற்கடை இறக்குவதாக ஏற்பாடு. அவர் போட்ட முதல் அலறலில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். என் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தார். "பஞ்சர் ஒட்டத்தான் வந்தேனுங்க. அவசரமில்லீங்க, நாளைக்கு வாரேன்."

காணாமல் போனது

கெடு முடிய நாலு நாள் இருந்தது. வாய்க்காலில் துணி துவைத்துவிட்டு, குழந்தையும் நானுமாய் வந்தோம். வீட்டில் சத்தமே இல்லை. பனங்கட்டை உருண்டு கிடக்கிறது, ஆறாம் நம்பரைக் காணோம், அவரையும் காணோம். அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினேன். ஒளித்து வைத்திருந்த வலது பெடலும் இல்லை! விழுந்து மறு காலையும் முறித்துக்கொண்டாரோ என்று குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

எதிரே வருகிறார்! முழங்கால் மேலே ஏறுகிறது, மடங்குகிறது, இறங்குகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் மிதித்து வருகிறார். என்னைப் பார்த்ததும் பெல் அடித்தார். நான் ஒதுங்கவில்லை, அங்கேயே நின்று அழுதேன். பின்னாலேயே வேர்க்க வேர்க்க ஓடிவந்த மாரப்பன் மூச்சு வாங்கினார். "அம்மிணி, அவருதான் போய்ச் சேர்ந்துட்டாருல்ல, இப்ப நான் எடுத்துக்கலாமுங்களா?"

போன வண்டி வரவில்லையே என்று அழுத கடைக்காரர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். போகாத வண்டி போய்விட்டதே என்று நடுரோட்டில் நின்று அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.