சிவப்புத் துணி சுற்றிய தடி

செத்துப்போன ஒருவர் மேல் பழியை ஏற்றியவன் நான். அந்தப் பழி அவருடையது இல்லை என்று தெரிந்தே ஏற்றினேன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. உயிரோடு இருந்த இன்னொரு டிரைவரைக் காப்பாற்றத்தான் அதைச் செய்தேன். காப்பாற்றவும் செய்தேன்.

பாகூருக்கும் வில்லியனூர் ரயிலடிக்கும் நடுவே அப்போது ஒரே முதலாளியின் இரண்டு பஸ்கள் ஓடின. அவற்றுக்கு மூன்று டிரைவர்கள். ஒருவர் நல்ல உயரம். நெட்டையர் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். இன்னொருவன் என் வயதுக்காரன், என் கூட்டாளி. மூன்றாவது நான். பிரெஞ்சுப் பள்ளியில் பிரெவே பரீட்சை பாஸ் பண்ணியிருந்தேன். சர்க்கார் உத்தியோகம் கிடைக்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பாகூரில் என்னைப் 'படிச்ச டிரைவர்' என்பார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

வழியில் பாகூர் ஏரிக்கரை மேல் கொஞ்ச தூரம் போக வேண்டும். கரை ஒரு வண்டி அகலம்தான். நடுவில் மதகு இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் விரியும், அங்கேயே வளையவும் செய்யும். அதனால் இந்த முனையில் நிற்பவனுக்கு அந்த முனை தெரியாது. நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். சிவப்புத் துணி சுற்றிய ஒரு மூங்கில் தடி. இரண்டு முனையிலும் புளியமரத்தில் ஆணி அடித்திருந்தோம். தடி உன் முனையில் தொங்கினால் எடுத்துக்கொண்டு போகலாம். அந்த முனையில் மாட்டிவிட வேண்டும். உன் முனையில் தடி இல்லையென்றால் எதிர்வண்டி இன்னும் கரையைத் தாண்டி வரவில்லை என்று அர்த்தம். அது தடியோடு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். ரயில்காரர்கள் பண்ணுவதைப் பார்த்துப் பண்ணினது. எந்தச் சட்டத்திலும் இல்லை. முதலாளிக்குக்கூட முதலில் தெரியாது.

எங்களுக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. கரையில் நடந்ததைக் கரையை விட்டு இறங்கினால் பேசக் கூடாது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பகலில் நான் தடியோடு வில்லியனூரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். மதகு வளைவில் எதிரே என் கூட்டாளியின் வண்டி. பிரேக்கை மிதித்த மிதியில் என் வண்டி குறுக்கே இழுத்துக்கொண்டு நின்றது. இரண்டு ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய முடியாது. எனக்குப் பின்னால் இருந்த பெண்கள் அலறினார்கள். ஒரு கிழவர் மட்டும் நிதானமாக, "இன்னாப்பா, ரெண்டு பேரும் சம்பந்தம் பேசவா நிறுத்தினீங்க?" என்றார்.

கூட்டாளி வண்டியைப் பின்னால் எடுத்து மதகு ஓரம் ஒதுங்கினான். ரயிலடி காபிக் கடையில் பிறகு என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ரயிலுக்கு நேரம் ஆயிட்ச்சி மச்சான். வண்டியில இருந்தவனுங்க கத்துறானுங்க. ரயிலை வுட்டா மொதலாளி தோலை உரிப்பான்."

"தடி இல்லாம வரலாமாடா?"

"நீ வந்ததே இல்லியா?"

வந்திருக்கிறேன். ஒரு தடவை. அன்றைக்கு எதிரே வந்தது இவன்தான். யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை. அதற்கு மேல் நான் என்ன கேட்பது? காபிக்கு அவன் காசு கொடுத்தான். குடித்துவிட்டு எழுந்தேன்.

நெட்டையரிடமாவது சொல்லியிருக்கலாம். அவர் ஒருவர்தான் தடி இல்லாமல் கரையேறாதவர். ரயிலே போனாலும் புளியமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சொல்லியிருந்தால் அந்த வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு மெதுவாக வந்திருப்பார். அவரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஏரி நிரம்பி நின்றபோது அது நடந்தது. எனக்கு அன்று ஓய்வு. கூக்குரல் கேட்டு ஓடினேன். மதகுக்குப் பக்கத்தில் கரை சரிந்திருந்தது. நெட்டையரின் வண்டி ஏரிக்குள் கவிழ்ந்து, பின் சக்கரங்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. கூட்டாளியின் வண்டி கரை மேல் கீறல்கூட இல்லாமல் நின்றது. நெட்டையர், அவர் பக்கத்தில் இருந்த கண்டக்டர், ஒரு தாயும் மகளும், வெற்றிலைக் கூடைக்காரர் ஒருவர். ஐந்து உடல்களையும் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். வண்டியின் பின்பக்கம் இருந்த மற்றவர்கள் எப்படியோ கரையேறித் தப்பியிருந்தார்கள். சிவப்புத் துணித் தடி நாணல் ஓரம் மிதந்துகொண்டிருந்தது.

கூட்டாளி என் தோளைப் பிடித்துக்கொண்டான். "எங்கிட்ட தடி இல்லடா. அவரு வச்சிருந்தாரு. என்னப் பாத்துட்டு ஏரிப்பக்கம் ஒடிச்சாரு" என்றான்.

விசாரணைக்குப் பட்டணத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி வந்தார். மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். "நம்ம டிரைவரே பிரெஞ்சு பேசுவான்" என்று முதலாளி என்னை முன்னால் தள்ளினார். உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்கள்.

தடி யாரிடம் இருந்தது என்று அதிகாரி கேட்டார். கூட்டாளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எடுத்துகினு வந்தனான்னு... ஒண்ணு ரெண்டு தபா எடுக்காம வந்திருக்கேன் சாமி. அன்னிக்கு..." என்றான். அழ ஆரம்பித்தான்.

அவன் ஒத்துக்கொள்ளத்தான் வந்திருந்தான். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் முழுவதையும் சொல்லியிருப்பான். நான் விடவில்லை. தடி அவனிடம்தான் இருந்தது என்று பிரெஞ்சில் சொன்னேன். தடி இல்லாமல் கரையேறியது உண்டா என்று அதிகாரி கேட்டார். அதைத் தமிழில் அவனிடம் கேட்கவே இல்லை. "ழமே" என்றேன். ஒருநாளும் இல்லை என்று அர்த்தம். அப்படியானால் தடி எப்படித் தண்ணீரில் கிடந்தது என்றார். முழுகுகிறவர்கள் பிடித்துக்கொள்ளட்டும் என்று இவன்தான் வீசினான், அதனால்தான் அழுகிறான் என்றேன்.

அவன் கனவில்கூட நினைக்காத பொய் அது. என் சொந்தப் பொய். நல்ல பிரெஞ்சில், ஒரு இலக்கணப் பிழையில்லாமல் சொன்னேன். அதிகாரி எழுந்து அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். தப்பு நெட்டையருடையது என்று முடிந்தது.

"இன்னாடா சொன்ன?" என்றான் வெளியே வந்ததும். சொன்னேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

பொங்கலுக்குள் முழுகின வண்டியைப் பழுது பார்த்து ஓட்ட ஆரம்பித்தார்கள், தடியும் புளியமரத்துக்குத் திரும்பியது. அந்தக் கதையும் ஊர்க்கதை ஆகிவிட்டது. தடியை வீசி ஆள் காப்பாற்றினவன் என்று அவனைக் காட்டிப் பேசினார்கள். நெட்டையர் மனைவி வீட்டு வாசலில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவர் அதே தெருக்காரர். நெட்டையர் மனைவி கிணற்றுக்கு வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். ஒரு நாள் ஊர்க் கிணற்றை விட்டு, ஏரித் தண்ணீரை அவள் மொண்டுகொண்டு போவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். புருஷன் செத்த தண்ணீர். அதற்கு மேல் என்னால் வண்டி ஓட்ட முடியவில்லை.

முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "ஒன் வாயாலதானப்பா சொன்ன? இப்ப அதே வாயால வேற சொல்றியே, எதை நம்புறது?" என்றார். மறுநாள் முதல் எனக்கு வேலை இல்லை. பட்டணத்தில் அதிகாரியைப் பார்க்கப் போனேன். விஷயத்தைக் கேட்ட குமாஸ்தா, "சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னேன்னு எழுதிக் குடுக்கிறீங்களா? முதல்ல உள்ள போறது நீங்கதான். வூட்டுக்குப் போங்க" என்றார். ஜெயிலுக்குப் பயந்து திரும்பிவிட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கூட்டாளியையாவது ஒத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று ரயிலடியில் போய் நின்றேன்.

"அன்னிக்கு நீ ஒத்துக்கத்தானே வந்த?"

"நானா? தடி எங்கிட்ட இருந்திச்சி. நீயே துரைகிட்ட சொன்னியே" என்றான். கண்ணில் கள்ளம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நான் சொன்னதை அவன் நம்ப ஆரம்பித்திருந்தான்.

கடைசியாக, பாகூர் சந்தையில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். நெட்டையர் மேல் தப்பில்லை, பொய் சொன்னவன் நான் என்றேன். முதலில் கூட்டம் கூடியது. பிறகு பின்னாலிருந்து ஒருவன், "இவனுக்கு இன்னா திடீர்னு அக்கற?" என்றான். "அந்தம்மா இன்னும் சின்ன வயசுதானேப்பா" என்றான் இன்னொருவன். சிரிப்பு எழுந்தது. "ஆளைக் காப்பாத்துனவன் மேல பொறாமைடா இவனுக்கு, அதான் வேலய வுட்டுத் தூக்கிட்டாங்க" என்று கடையிலிருந்தவரும் சொன்னார். அவ்வளவுதான். மகளைப் பறிகொடுத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. என் காலடியில் துப்பிவிட்டுப் போனார்.

அந்தப் பேச்சு என்னைவிட வேகமாக நெட்டையர் மனைவி வீட்டுக்குப் போயிருந்தது. மறுநாள் அவளுடைய அண்ணன் வந்து, மூட்டை கட்டச் சொல்லி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் தெருவிலேயே நின்றேன்.

"அண்ணி, உண்மையத்தான் சொன்னேன்."

"எனக்குத் தெரியாதா தம்பி? தடி இல்லாம அவரு போவ மாட்டாரு. நீ சொல்லியா எனக்குத் தெரியணும்?" என்றாள். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "நீ சொல்லாத வரைக்கும் அவரு பேரு ஒண்டிதான் போச்சு. இப்ப எம்பேரும் போச்சு" என்றாள்.

அவளுடைய அண்ணன் என்னை அடிப்பதற்குக் கை ஓங்கினார். அடித்திருக்கலாம். அவள்தான் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. வில்லியனூர் போக ஏரிக்கரையை விட்டால் வேறு வழியில்லை. கரை மேல் நடந்து போனார்கள். நான் இந்த முனைப் புளியமரம் வரை போனேன். ஆணி வெறுமையாக இருந்தது. எதிரே வண்டி வருகிறது போலும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னாலிருந்து கூட்டாளியின் வண்டி வந்தது. மரத்தடியில் நிறுத்தவில்லை. தடி இல்லாமலே, ஹாரன் அடித்துக்கொண்டு கரையேறியது. மதகுக்குப் பக்கத்தில் அந்த அம்மாளும் அண்ணனும் சரிவில் இறங்கி நின்று அதற்கு வழிவிட்டார்கள்.