மூன்றாவது தட்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் இது நடந்தது. யாரோ சொன்னதற்குக் கண், காது, மூக்கு வைத்து நான் பெரிதாக்கவில்லை. என் அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது என் அத்தானுக்கு நடந்தது. அவர் பல் டாக்டர். பயந்து நடுங்குகிறவர்களைத் தினமும் பார்த்து, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வேலை செய்கிற மனிதர். பேய் என்று யாராவது வாயைத் திறந்தால், "அப்படியே திறந்தபடி இருங்க, பல்லைப் பார்க்கிறேன்" என்பார்.

இதில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அன்று ராத்திரி அந்தக் காரின் பக்கத்து சீட்டில் உட்காரப் போனவன் நான்தான். அத்தானுக்கு அது தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தால் என் காலை உடைத்து வீட்டில் உட்கார வைத்திருப்பாள்.

அத்தானும் அவர் தம்பியும் சேர்ந்து வாங்கிய கார் அது. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, உறுமினால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். அண்ணனுக்கும் தம்பிக்கும் ரத்தத்தில் ஓடுவது பெட்ரோல்தான். ஆனால் இருவரும் எலியும் பூனையும். அத்தான் சனிக்கிழமை பகலில் கார்ப் பந்தய ட்ராக்கில் மட்டும் ஓட்டுவார். தம்பி ராத்திரியில் புறவழிச் சாலையில் பந்தயம் விடுவான். அவனை எல்லோரும் ஜெட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ட்ராக்குல ஓட்டறது குளிக்கிற தொட்டியில நீச்சல் அடிக்கிற மாதிரிண்ணா" என்பான் ஜெட்டு.

"ரோட்டுல எதிர்ல வர்றானே ஒருத்தன், அவன் உன் பந்தயத்துக்குப் பேர் குடுத்தானாடா?" என்பார் அத்தான்.

அதற்கு அவன் சிரித்துவிட்டுப் போவான்.

தெருப் பந்தயத்தில் கொடி கிடையாது, விசில் கிடையாது. இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் ஒருவன் இருப்பான். அந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி டேஷ்போர்டில் மூன்று தட்டுத் தட்டுவார்கள். மூன்றாவது தட்டில் கார் பாய வேண்டும். ஜெட்டுவுக்குத் தட்டிக்கொண்டிருந்தவன் அவனுடைய உயிர் நண்பன். அந்த வேலையால் அவனுக்குத் தாளம் என்றே பெயர் வந்துவிட்டது. ஒல்லியான பையன், எப்போது பார்த்தாலும் எதன் மீதாவது விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். மூன்று வாரம் முன்பு மாடிப்படியில் தவறி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனான். அழுதோம். அந்த இடத்துக்குத்தான் ஜெட்டு என்னைக் கூப்பிட்டிருந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே சின்னதாக ஒரு கோளாறு தெரிந்தது. ட்ராக்குக்குள் விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு காரையும் சோதிப்பார்கள். சோதிக்கிற அம்மா குனிந்து, பக்கத்து சீட்டின் பெல்ட் மாட்டுகிற இடத்திலிருந்து எதையோ உருவி எடுத்தாள். பெல்ட்டே இல்லாத வெறும் கொக்கி. பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் கார் மணி அடிக்குமே, அந்த மணியை ஏமாற்றுவதற்காக இதைக் கடைகளில் விற்கிறார்கள்.

"டாக்டர், நீங்களுமா?" என்றாள்.

அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் தம்பி வேலைம்மா." வாங்கிக் குப்பைத் தொட்டியில் வீசினார்.

முன்கண்ணாடியும் புதிதாக இருந்தது. மூலையில் கம்பெனி ஸ்டிக்கர்கூட உரிக்கப்படவில்லை. கல் பட்டு உடைந்தது, மாற்றிவிட்டேன் என்று சொல்லி, மூன்று வாரமாக ஒர்க் ஷாப்பில் கிடந்த காரை ஜெட்டு முந்தின நாள்தான் எடுத்து வந்திருந்தான்.

அன்று ட்ராக்கில் கார் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எப்போதும் பிரேக் பிடிக்கிற இடத்தில்தான் அத்தான் பிடித்தார். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நின்றது. வளைவுகளில் ஒரு பக்கமாக அழுந்தியது. ட்ராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு உடம்பிலேயே ஒரு தராசு உண்டு. டயரில் கோளாறு என்றால் ஒரு மாதிரி தெரியும், பெட்ரோல் நிறைய இருந்தால் வேறு மாதிரி தெரியும்.

இது ஒரு ஆளின் கனம்.

வண்டியை நிறுத்தி டயரைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார். எல்லாம் சரி. பக்கத்து சீட்டு காலி. களைப்பாக இருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினார். அண்ணன் தம்பிக்குள் ஒரு ஒப்பந்தம்: பகல் அண்ணனுக்கு, ராத்திரி தம்பிக்கு. எட்டு மணிக்குள் சாவி ஜெட்டு கையில் இருக்க வேண்டும். இன்றைக்காவது கொடுக்காமல் இருக்க ஏதாவது வழி கிடைக்காதா என்று யோசித்தபடிதான் அத்தான் ஓட்டினார்.

புறவழிச் சாலையில் ஏறும்போது மழை தூறத் தொடங்கியது. பொழுது சாய்ந்து, விளக்குகள் இன்னும் போடப்படாத நேரம்.

டிங்... டிங்... டிங்...

பெல்ட் மணி. அத்தான் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பெல்ட் இருந்தது. டேஷ்போர்டில் எரிந்த சிவப்பு விளக்கு பக்கத்து சீட்டுடையது. அந்த சீட்டுக்கு அடியில் கனம் பார்க்கிற கருவி உண்டு. பை வைத்தால்கூட அடிக்கும். ஆனால் பை, ஹெல்மெட் எல்லாம் பின்னால் டிக்கியில் இருந்தன.

சனியன், ஈரத்தில் ஏதோ ஒயர் கோளாறு என்று நினைத்தார். ஓரமாக நிறுத்தி, காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

மணி நின்றது.

கொஞ்ச தூரம் போயிருப்பார்.

டக்.

பெல்ட் கழன்று சுருண்டுகொண்டது. டிங்... டிங்... டிங்...

மறுபடி நிறுத்தினார். மறுபடி மாட்டினார். இழுத்துப் பார்த்தார். கெட்டியாகத்தான் இருந்தது. ஜன்னல் கண்ணாடிகளைப் பார்த்தார். அவர் பக்கத்துக் கண்ணாடி தெளிவாக இருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடி மட்டும் உள்ளேயிருந்து ஆவி படிந்து மங்கியிருந்தது... யாரோ அதன் அருகில் வேகமாக மூச்சு விட்டதுபோல.

துடைக்க மனம் வரவில்லை. கிளம்பினார்.

டக்.

இந்த முறை அத்தான் பெல்ட்டைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பெரிய சிக்னலில் சிவப்பு. நேரம் ஆறு ஐம்பது. முதல் வரிசையில் அவர் கார். பக்கத்தில் வேறு வண்டி இல்லை. எதிரில் ஒரு பெண், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தலைமீது துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு சாலையைக் கடக்கத் தொடங்கினாள்.

டொக்.

டேஷ்போர்டில்.

டொக்.

விரல் நுனியால் தட்டுகிற சத்தம்.

அத்தான் மூச்சைப் பிடித்தார். மூன்றாவது...

வரவில்லை.

மூன்றாவது தட்டு வரவேயில்லை.

ஆனால் அவர் கால் அழுந்தியது.

அவர் அழுத்தவில்லை. கால் அழுந்தியது. இஞ்சின் உறுமியது. கிளட்சில் இருந்த கால் மெதுவாக மேலே வந்தது. அந்தப் பெண் நடுச் சாலையில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

எத்தனையோ வருஷம் ட்ராக்கில் பழகிய பழக்கம்தான் அன்று காப்பாற்றியது. கொடி விழாமல் வண்டி நகரக் கூடாது. அது அவர் எலும்பில் ஊறியது. சிக்னல் வரவில்லை, நகரக் கூடாது, நகரக் கூடாது என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே கைபிரேக்கை இழுத்தார். சாவியைத் திருப்பினார்.

இஞ்சின் அணைந்தது.

மணி அணையவில்லை.

டிங்... டிங்... டிங்...

சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

டிங்... டிங்...

கதவைத் திறந்து மழையில் இறங்கினார். கதவைச் சாத்தினார். உடனே உள்ளே ஒரு சத்தம் கேட்டது. கழலுகிற சத்தமல்ல. மாட்டுகிற சத்தம்.

மணி நின்றது.

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே விலகிப் போயின. அத்தான் காருக்குள் திரும்பிப் பார்க்கவேயில்லை. பழுதான வண்டியை இழுக்கிற லாரிக்குப் போன் செய்துவிட்டு, சாலையோரக் கம்பத்தைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். லாரிக்காரர் வந்து சங்கிலியை மாட்டினார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு அத்தானிடம் வந்தார்.

"சார், உள்ள இருக்கறவரை இறங்கச் சொல்லுங்க. ஆளை வெச்சுக்கிட்டுத் தூக்கக் கூடாது."

"உள்ள யாரும் இல்ல."

"பெல்ட் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரே சார்..."

லாரிக்காரர் திரும்பிப் போய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்தவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் காரை லாரியில் ஏற்றினார். வீட்டு ஷெட்டில் காரை இறக்கிவிட்டு, டீக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

அத்தான் உள்ளே வந்தபோது நான் ஷூவெல்லாம் போட்டுத் தயாராக இருந்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அக்கா பதறித் துண்டைக் கொண்டுவந்தாள். பெல்ட் மணியையும், பெல்ட் கழன்றதையும், தட்டுச் சத்தத்தையும் அவர் சொல்லி முடிக்கும்வரை ஜெட்டு படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பு சரியாக இல்லை.

"ஒயர்ல தண்ணி போயிருக்கும்ணா. சாவியைக் குடு."

"இன்னிக்கு வேணாம்டா."

"பேசி வெச்சாச்சுண்ணா. போகலேன்னா மானம் போயிடும்." மேஜையிலிருந்து சாவியை அவனே எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "வா."

அப்போதுதான் அக்கா என் காலைப் பார்த்தாள். "நீ எங்கடா கிளம்பிட்ட?"

நான் திருதிருவென்று விழித்தேன். அத்தான் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இவனையா? இவனையாடா அந்த சீட்டுல உக்கார வெக்கப் போற?" அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. ஜெட்டு காதில் வாங்காமல் ஷெட்டுக்கு நடந்தான். நானும் போனேன். புத்தி அப்போது அவ்வளவுதான்.

எனக்காக ஜெட்டு பக்கத்துக் கதவைத் திறந்தான். உள் விளக்கு எரிந்தது.

பெல்ட் மாட்டியிருந்தது.

காலி சீட்டில் பெல்ட் மாட்டினால் சீட்டோடு ஒட்டிப் படிந்து கிடக்கும். நீங்களே மாட்டிப் பாருங்கள். இது அப்படிக் கிடக்கவில்லை. சீட்டை விட்டு ஒரு சாண் முன்னால்... தோளிலிருந்து நெஞ்சு வழியாக இடுப்புவரை... வளைந்து நின்றது.

ஒரு ஒல்லியான உடம்பின் அளவுக்கு.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல முன்னே வந்தது. மெல்லப் பின்னே போனது.

மூச்சு.

சாவி ஜெட்டு கையிலிருந்து விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அத்தான் ஓடிவந்து காலால் கதவைச் சாத்தினார்.

"மாடிப்படி இல்லண்ணா..." என்றான் ஜெட்டு. "அவன் மாடிப்படியில விழலண்ணா..."

அழுகையும் பேச்சுமாகச் சொன்னான். தாளத்துக்கு உள்ளூர ரொம்பப் பயம். ஏறியதும் பெல்ட் போட்டுக்கொள்வான். பந்தயத்தில் பெல்ட் போட்டால் மற்றவர்கள் கேலி செய்வார்கள், போலீஸ் வந்தால் குதித்து ஓடவும் முடியாது. அன்று அவன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இருடா, பெல்ட் கழண்டுபோச்சு, போட்டுக்கறேன்" என்றானாம். ஜெட்டு காத்திருக்கவில்லை. சிக்னலைத் தாண்டியதும் குறுக்கே ஒரு சைக்கிள். பிரேக் பிடித்தான். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை, காருக்கும் ஆகவில்லை. முன்கண்ணாடி மட்டும் உடைந்தது. தாளத்தின் தலையால்.

"அவங்க அம்மாகிட்ட மாடிப்படின்னு நான்தாண்ணா சொன்னேன்."

அத்தான் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டார். "பெல்ட் எப்படிடா தானாக் கழண்டுது?"

"தானா கழலலண்ணா. நான்தான் கழட்டிவிடுவேன். பேச்சுக் குடுத்துக்கிட்டே, அவனுக்குத் தெரியாம, கட்டைவிரலால அமுக்கிடுவேன். கழட்டிட்டு அந்த வெறும் கொக்கியை மாட்டிடுவேன். எப்பவும் விளையாட்டுக்குச் செய்யறதுதாண்ணா... அன்னிக்கும்..."

அத்தான் தன் கையை, கியர் பிடிக்கிற கையை, மெதுவாகச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் தம்பியை அழைத்துக்கொண்டு தாளத்தின் வீட்டுக்குப் போனார். அந்த அம்மாவிடம் ஜெட்டு எல்லாவற்றையும் சொன்னான். அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று இருவருமே வாய் திறந்ததில்லை. கார் இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறது. அதன் பக்கம் யாரும் போவதில்லை. பேட்டரியைக்கூட எடுத்தாகிவிட்டது. ஆனாலும் மழை நாட்களில் அக்கா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறாள்.

பல மாதங்கள் கழித்து ஒருநாள், கிளினிக்கில் யாரும் இல்லாதபோது, அத்தான் எனக்கு மிச்சத்தைச் சொன்னார். அன்று யாரிடமும் சொல்லாத மிச்சம்.

முதல் தடவை பெல்ட் கழன்றபோது அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை, டக் என்ற சத்தம் கேட்ட அந்த நொடியே, குனிந்து பார்த்தார்.

பெல்ட்டின் சிவப்புப் பொத்தான்மீது ஒரு கட்டைவிரல் இருந்தது. அழுத்தியபடி இருந்தது.

அது அவருடைய விரல்.

அதனால்தான் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாராம். இப்போதும் ராத்திரியில் சில சமயம் அந்த விரல் தானாக மடங்குகிறதாம். பல் பிடுங்கும்போது தாடையைப் பிடிக்கிற கை அது, யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டார்.

யார் காரில் ஏறினாலும் நான் முதலில் பெல்ட் போட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு இறங்கும்வரை சாலையைப் பார்ப்பதில்லை.

ஓட்டுகிறவரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.